சுகாதார வகுப்பு பலன் தந்ததா? உப்புப் பாக்கெட்டைக் கேளுங்கள்

காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்தில், மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ரத்தக் கொதிப்பைப் பற்றி வகுப்பு எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அறிக்கை எப்படி இருக்கும்? நாற்பது பேர் வந்தார்கள், டீயும் மிக்சரும் கொடுத்தோம், போட்டோ இணைத்துள்ளோம். (அந்த மிக்சரில் எவ்வளவு உப்பு என்பது வேறு கதை.) வகுப்பு நடந்தது என்பதற்கு அது போதும். அடுப்படியில் ஏதாவது மாறியதா என்பது அதில் தெரியாது.

1. எது மாற வேண்டும் என்று முதலிலேயே எழுதுங்கள்

"விழிப்புணர்வு கூடும்" என்பதை அளக்க முடியாது. "மூன்று மாதத்தில் வீட்டு உப்புச் செலவு குறையும்" என்பதை அளக்கலாம். நிறுவனப் பயிற்சிகளை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் சொன்ன நான்கு நிலைகள் இங்கேயும் உதவும்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, செய்கிறார்களா, பலன் கிடைத்ததா. பெரும்பாலோர் முதல் கேள்வியோடு கடையைக் கட்டிவிடுகிறார்கள்.

2. வகுப்புக்கு முன்பே ஒரு முறை கேளுங்கள்

முன்னால் எப்படி இருந்தது என்று தெரியாமல் பின்னால் மாறியது என்று சொல்ல முடியாது. ஆறேழு கேள்விகள் போதும். வகுப்புக்குப் பிறகும் அதே கேள்விகள்தான். "உப்பு அதிகமானால் கெடுதலா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "இந்துப்பு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாமா?" என்று கேளுங்கள். அங்கேதான் தடுமாறுவார்கள்.

3. வாய்ச்சொல்லை விட்டு, பாக்கெட்டைப் பாருங்கள்

இதுதான் முக்கியமான வேலை. "உப்பு கம்மியாத்தான் போடறோமுங்க" என்று உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். அது பொய்யல்ல, மரியாதை. அதனால் இப்படிக் கேளுங்கள்: "ஏங்க்கா, இந்தப் பாக்கெட்டை எப்பங்க பிரிச்சீங்க?" பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே பிரித்த தேதியைக் குறிக்கச் சொல்லலாம்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம்.

ஆனால் கணக்கு கோணலாகும் இடங்கள் உண்டு. மாட்டுத் தண்ணீரில் போடும் கல்லுப்பைத் தனியாகக் கேளுங்கள். மாங்காய் ஊறுகாயும் வடகமும் போடும் மாதத்தில் செலவு எகிறும், அந்த மாதத்தை ஒப்பிடாதீர்கள். தறிக்குப் போகிறவர் கடையில் சாப்பிடும் போண்டாவும் பரோட்டாவும் வீட்டுப் பாக்கெட்டில் தெரியாது. அதற்குத் தனியாக ஒரு கேள்வி வையுங்கள்.

4. ரத்த அழுத்தம்

எடுப்பதானால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்து, அதே கையில், இரண்டு முறை. அரை மணிக்குள் காபி குடித்தவர் காத்திருக்கட்டும். வீடு தேடி வந்து மாத்திரை தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாகப் புதிதாக மாத்திரை தொடங்கியவர்களைத் தனிப்பட்டியலில் வையுங்கள். இல்லாவிட்டால் மாத்திரையின் பலன் உங்கள் வகுப்பின் பலனாகிவிடும்.

5. பக்கத்து ஊர்

முடிந்தால் இரண்டு ஊரிலும் முன்கணக்கு எடுத்து, ஒன்றில் மட்டும் முதலில் வகுப்பு நடத்துங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு ஊரிலும் உப்புச் செலவு ஒரே அளவு குறைந்திருந்தால், காரணம் உங்கள் வகுப்பு இல்லை. அப்புறம் மற்ற ஊருக்கும் கட்டாயம் வகுப்பு எடுத்துவிடுங்கள், காத்திருந்தவர்கள் அல்லவா.

6. எழுதும்போது

குழு சிறியது என்றால் சதவீதம் வேண்டாம். "25 வீட்டில் 9 வீட்டில் குறைந்தது" என்று எழுதுங்கள். மறுமுறை வராதவர்களையும் கணக்கில் காட்டுங்கள். குறையாத வீடுகளுக்கு ஒரு நடை போய், சமைப்பது யார் என்று கேளுங்கள். வகுப்புக்கு வந்தவர் மருமகளாகவும், உப்புப் போடுகிறவர் மாமியாராகவும் இருக்கலாம். அப்படியானால் அடுத்த வகுப்புக்கு யாரை அழைக்க வேண்டும் என்பதையும் அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.