ஊட்டியில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? கால்குலேட்டரில் இரண்டு சமன்பாடு

காசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸில் இதைப் போட்டு வைத்திருக்கிறேன். எக்ஸ் என்பது உயரம் (மீட்டர்), ஏ காற்றழுத்தம் (மி.மீ. பாதரசம்), பி கொதிநிலை.

ஏ=760×(1−0.0000225577×எக்ஸ்)^5.25588 : பி=1730.63÷(8.07131−லாக்(ஏ))−233.426

நடுவில் உள்ள முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் ஆல்ஃபா அழுத்தித்தான் எடுக்க வேண்டும். சாதாரண = விசையைத் தட்டினால் அங்கேயே கணக்குப் போடக் கிளம்பிவிடும். பிறகு கால்க் விசை; அது எக்ஸின் மதிப்பைக் கேட்கும். எக்ஸுக்கு ஊட்டியின் 2240 கொடுங்கள். ஏ மதிப்பைக் கேட்டாலும் = தட்டிக் கடந்துவிடலாம், முதல் வரியே அதை மாற்றிவிடும். 578.7 வரும்; இன்னொரு = தட்டினால் 92.56. குன்னூருக்கு 1850 கொடுத்தால் 93.9. பருப்பு வேக இங்கே குக்கர் இல்லாமல் ஆகாது என்பதற்குக் காரணம் 100-இலிருந்து குறையும் இந்த ஏழு டிகிரிதான்.

தலைகீழாக, கொதிநிலையிலிருந்து உயரம் காணும்போதுதான் மாட்டிக்கொண்டேன். முக்காற்புள்ளி போட்ட கோவையை சால்வ் (சமன்பாட்டைத் தீர்க்கும் வசதி) ஏற்காது. ஏ-வை நீக்கி ஒரே சமன்பாடாக்கியதும் சரியானது:

760×(1−0.0000225577×எக்ஸ்)^5.25588=10^(8.07131−1730.63÷(பி+233.426))

ஷிஃப்ட், கால்க் (இதுதான் சால்வ்); பி=93; எக்ஸின் தொடக்க மதிப்பு 2000. விடை சுமார் 2109. தொடக்க மதிப்பைக் கவனியுங்கள்: எக்ஸில் பழைய கணக்கின் 50000 கிடந்தால் அடைப்புக்குள் எதிர்மறையாகி மேத் எரர் வரும். விடைக்குக் கீழே காட்டும் எல்−ஆர் (சமன்பாட்டின் இடப்பக்கம் கழித்தல் வலப்பக்கம்) பூஜ்ஜியத்தை ஒட்டி இல்லையென்றால் அந்த விடையை நம்பாதீர்கள்.

மோட் மாற்றினாலோ தானாக அணைந்தாலோ சமன்பாடு போய்விடும், மாறிகளின் மதிப்பு மட்டும் தங்கும். மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.