நங்கூரம் போட்ட பார்ஜ் எதிரே வந்தால் யாருக்கு வழி?

மும்பைத் துறைமுகத்தில் பாய்ப்படகு ஓட்டப் பழகுகிறவர்களுக்கு அலையைவிடப் பெரிய தலைவலி தண்ணீர் நடுவே நிற்கும் சாமான்கள்தான். நங்கூரம் போட்ட பார்ஜ் (சரக்கு ஏற்றும் தட்டைப் படகு), மீன் வலைக் கம்பு, மேலே தெரிந்தும் தெரியாமலும் கிடக்கும் பாறை என்று ஏதாவது ஒன்று எதிரே வரும். செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் ஞாயிறுதோறும் போய்ப் பழகிய என் முதல் சீசனில், "வழி எனக்குத்தான்" என்று நினைத்துக்கொண்டே ஒரு பார்ஜின் விலாவில் உரசினேன். பாயில் ஒட்டிய துரு இன்றும் காவி நிறத்தில் இருக்கிறது. விதி என் பக்கம்தான் இருந்தது, குரல்தான் பத்து நொடி தாமதமாக வந்தது.

யாருக்கு வழி என்ற பந்தய விதிகளைச் சாப்பாட்டு மேஜையிலேயே கற்றுக்கொள்ளலாம். ஒரு எவர்சில்வர் டம்ளரும் இரண்டு தீக்குச்சிகளும் எடுத்துக்கொள்ளுங்கள். குச்சியின் மருந்துத் தலைதான் படகின் முன்பக்கம். எதிர்ச் சுவரில் காலண்டர் தொங்குகிறதா? காற்று அங்கிருந்து உங்களை நோக்கி வீசுவதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: டம்ளர் இல்லாமல்

காற்று வலப்பக்கம் பட்டால் ஸ்டார்போர்டு டேக், இடப்பக்கம் பட்டால் போர்ட் டேக். எதிரெதிர் டேக்கில் சந்தித்தால் போர்ட் படகு விலக வேண்டும் (விதி 10). ஒரே டேக்கில் பக்கம் பக்கமாகப் போனால், காற்று முதலில் தொடும் படகு விலக வேண்டும் (விதி 11). அதை மேல்படகு என்றும் மற்றதைக் கீழ்ப்படகு என்றும் சொல்லிக்கொள்வோம். ஒரே டேக்கில் பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவருக்கு விலக வேண்டும் (விதி 12). வழி உங்களுடையதே ஆனாலும் மோதலை முடிந்தவரை தவிர்ப்பது உங்கள் கடமை, அது விதி 14. பாய்ப்படகு விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்ட் செய்லிங் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பந்தய விதிகள் இவை. இப்போது நடப்பில் இருப்பது 2025–2028 பதிப்பு.

படி 2: அது தடைதானா?

உங்கள் படகின் ஒரு நீளம் தள்ளி அந்தப் பொருள் இருக்கிறது, நேராக அதை நோக்கிப் போகிறீர்கள் என்று கற்பனை செய்யுங்கள். கணிசமாகத் திரும்பினால்தான் தப்ப முடியும் என்றால் அது தடை. பார்ஜும் ஜெட்டியும் (படகுத்துறை மேடை) தடை. வலைக்குக் கட்டிய சின்ன மிதவை தடையல்ல.

புதியவர்கள் தவறவிடுவது இதை: நீங்களும் நண்பரும் போர்ட் டேக்கில் போகும்போது எதிரே ஸ்டார்போர்டில் ஒரு படகு வந்தால், இருவருமே அதற்கு விலக வேண்டியவர்கள். அதனால் அந்தப் படகும் உங்களுக்குத் தடைதான்.

படி 3: டம்ளரை வையுங்கள்

இரண்டு குச்சிகளையும் இடப்பக்கம் பார்த்தபடி பக்கம் பக்கமாக வையுங்கள்: காலண்டர் பக்கம் இருப்பது மேல்குச்சி, உங்கள் பக்கம் இருப்பது கீழ்க்குச்சி. நேர் எதிரே டம்ளர். வழி கீழ்க்குச்சிக்கு. எந்தப் பக்கமாக டம்ளரைக் கடப்பது என்பதை அது தேர்ந்தெடுக்கலாம் (விதி 19).

கீழ்க்குச்சி உங்கள் பக்கமாகவே கடந்தால், மேல்குச்சி டம்ளருக்கும் கீழ்க்குச்சிக்கும் நடுவில் மாட்டும். அப்போது வழி உள்ள கீழ்க்குச்சிதான் ஒதுங்கி அதற்கு இடம் விட வேண்டும். காலண்டர் பக்கமாகக் கடந்தால் தலைகீழ்: உள்ளே இருப்பது கீழ்க்குச்சி, இடம் விடுவது மேல்குச்சி. வழி யாருக்கு என்பது ஒரு கேள்வி, உள்ளே யார் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் கரையில் பாதிச் சண்டை நடக்கிறது.

ஜெட்டி, கரை போல நீளமாகத் தொடரும் தடையென்றால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. பின்னாலிருந்து வந்து, இடமே இல்லாத சந்துக்குள் மூக்கை நுழைத்துவிட்டு "இடம் விடு" என்று கேட்க முடியாது.

படி 4: குரல் கொடுப்பது

இதில்தான் நான் மாட்டினேன். இரு குச்சிகளையும் இடப்பக்கம் காலண்டரை நோக்கிச் சாய்வாக, காற்று வரும் திசையை முடிந்தவரை நெருக்கிப் போவதுபோல் வையுங்கள். டம்ளர் கீழ்க்குச்சியின் மூக்குக்கு நேரே. கீழ்ப்படகு டேக் அடித்தாக வேண்டும், அதாவது மூக்கைக் காற்றின் குறுக்கே திருப்பி மறு டேக்குக்கு மாற வேண்டும், ஆனால் வலப்பக்கம் மேல்படகு அடைத்துக்கொண்டு போகிறது. இப்போது "ரூம் டு டேக்!" (டேக் அடிக்க இடம் விடு) என்று கத்த வேண்டும் (விதி 20). காற்று இரைச்சலில் கேட்காது என்று தோன்றினால் கையாலும் தெளிவாகக் காட்டுங்கள்.

கத்தியதும் பதிலுக்கு நேரம் கொடுக்க வேண்டும். அதனால்தான் முன்கூட்டியே கத்தச் சொல்கிறேன். மேல்படகு உடனே டேக் அடிக்கலாம், அல்லது "யூ டேக்!" (நீ டேக் அடி) என்று சொல்லிவிட்டு உங்களுக்கு இடம் விடலாம். நீங்கள் கேட்டது தப்பென்று அவர் நினைத்தாலும் பதில் கொடுத்தே ஆக வேண்டும், புகாரைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பதில் வந்ததும் நீங்களும் தாமதிக்காமல் டேக் அடிக்க வேண்டும். "கேட்டு வாங்கிட்டு நேரா போறது கிடையாதுப்பா" என்று கிளப்பில் ஒரு மாட்டுங்கா மாமா என்னைப் பிடித்துக்கொண்டார்.

லேசாகத் திருப்பினாலே பார்ஜைத் தாண்டிவிடலாம் என்றால் கத்தும் உரிமை கிடையாது. பந்தயத் தொடக்கத்தில், சுற்றிலும் தண்ணீர் உள்ள தொடக்கக் குறியாக நிற்கும் நடுவர் படகிடமும் இந்த இடம் கேட்கும் விதிகள் செல்லாது. அங்கே சந்தில் நுழைந்து மாட்டியவர் பாடு அவரோடு.

படி 5: நீரோட்டம்

மேஜையில் இதைக் காட்ட முடியாது. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதத்தின் ஏற்ற இறக்கம் 4 மீட்டரையும் தாண்டும், அத்தனை தண்ணீரும் துறைமுகத்துக்குள் புகுந்து வெளியேறும். நங்கூரக் கப்பலின் மூக்கு பெரும்பாலும் நீரோட்டம் வரும் திசையைப் பார்த்து நிற்கும். மூக்குப் பக்கமாகக் கடக்க முயன்றால் தண்ணீரே உங்களைச் சங்கிலி மேல் தள்ளும். கப்பலின் வால் பக்கமாகக் கடங்கள், சுற்று அதிகமானாலும் பரவாயில்லை.

படி 6: லாஞ்ச்

கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபெண்டா தீவுக்குப் போகும் லாஞ்ச்களை, அதாவது எஞ்சின் பயணிப் படகுகளை, பந்தய விதி கட்டுப்படுத்தாது. அங்கே 1972 சர்வதேச மோதல் தடுப்பு விதிகள்தான். பொதுவாக எஞ்சின் படகு பாய்ப்படகுக்கு விலக வேண்டும். ஆனால் குறுகலான கால்வாயில், அதற்குள் மட்டுமே பத்திரமாகப் போகக்கூடிய கப்பலுக்குப் பாய்ப்படகு குறுக்கே நிற்கக் கூடாது. லாஞ்ச் நெருங்கினால் நான் தூரத்திலேயே, அவருக்குத் தெரிகிற மாதிரி ஒரே திருப்பாகப் பெரிதாகத் திருப்பிவிடுவேன். அது கிளப்பும் அலையை மூக்கைக் கொஞ்சம் சாய்த்து வாங்கிக்கொள்ளுங்கள், மதியச் சாப்பாடு நனையாது.