பெரியவங்களுக்கு மட்டும்னு இருக்குற சின்ன பி அண்ட் பி-ல தங்கப் போறீங்களா, இதைப் படிச்சிட்டு கிளம்புங்க

பி அண்ட் பி-ன்னா பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட், தங்க ரூமும் காலை டிபனும் குடுக்குற வீடு. நான் சொல்றது வெப்பமண்டல ஊருங்கள்ல இருக்குறது. நாலஞ்சு ரூம், ஓனரும் அதே காம்பவுண்டுல குடியிருப்பாங்க, காலை டிபன் அவங்க கையால, சின்னப் பசங்களுக்கு அனுமதி இல்ல, சுத்தி மரமும் கொடியும், கூப்பிடு தூரத்துல கடல். இந்த மாதிரி இடத்துக்கு முதல் தடவை போறவங்க நிறைய பேர் ஓட்டல்ல தங்குற நெனப்புலயே போயிடுறாங்க, அங்க ராத்திரி ரிசப்ஷன் இல்ல, பெல் அடிச்சா ஓடி வர ஆள் இல்லன்னதும் மனசு விட்டுப்போய் திரும்பி வராங்க. காசு குடுத்து தங்கினாலும் அது ஒருத்தங்க குடியிருக்குற வீடு. புக் பண்றதுக்கு முன்னாடியில இருந்து கிளம்புற வரைக்கும் அந்த வீட்டுக்காரங்க கூட வாய் திறந்து பேசிட்டே இருந்தீங்கன்னா பாதி பிரச்சனை வரவே வராது, நான் சொல்லப்போற எல்லாமே கடைசியில இங்கதான் வந்து நிக்கும்.

முதல்ல அடல்ட்ஸ் ஒன்லிங்குற வார்த்தை. கேட்ட உடனே சிலருக்கு ஒரு மாதிரி சந்தேகம் வரும், வெளிய கேக்கவும் கூச்சமா இருக்கும், அதனால நேராவே சொல்லிடுறேன். பெரும்பாலான இடத்துல குழந்தைங்க சத்தம் இல்லாம அமைதியா இருக்கும்ங்குறதுதான் அதுக்கு அர்த்தம். வயசு வரம்பு இடத்துக்கு இடம் மாறும், சில இடத்துல 16, நிறைய இடத்துல 18, அபூர்வமா 21-ம் உண்டு. வேலி போடாத நீச்சல் குளம், கைப்பிடி இல்லாத படி, மெல்லிசு சுவர்னு இருக்குற வீட்டுல சின்னப் புள்ளைங்கள விட்டா ஓனருக்கும் நிம்மதி இருக்காது, நமக்கும் இருக்காது. துணி போடுறதும் போடாததும் உங்க இஷ்டம்னு சொல்ற இடங்களும் சிலது இருக்கு, ஆனா அதை க்ளோத்திங் ஆப்ஷனல்னு தனியா எழுதியிருப்பாங்க, அதனால வீட்டு ரூல்ஸ ஒரு வரி விடாம படிச்சிடுங்க. 17 வயசுப் பொண்ணையோ பையனையோ கூட்டிட்டுப் போறதா இருந்தா முன்னாடியே எழுத்துல கேட்டு பதில் வாங்கி வச்சிக்கோங்க, பெட்டியோட வாசல்ல நின்னுக்கிட்டு பேசுற விஷயம் இல்ல அது.

எப்போ போறதுங்குறதையும் யோசிங்க. வெப்பமண்டலத்துல சூடு வேணா வருஷம் பூரா கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், மழை அப்படி இல்ல. கரீபியன் பக்கம்னா அட்லாண்டிக் புயல் சீசன் ஜூன் 1-ல இருந்து நவம்பர் 30 வரை, ஆகஸ்ட் நடுவுல இருந்து அக்டோபர் நடு வரைக்கும்தான் உச்சம். பாலில நவம்பர்ல இருந்து மார்ச் வரை மழை. தாய்லாந்துல ஒரே நாட்டுக்குள்ளயே மாறும், புக்கெட் பக்கம் மே-ல இருந்து அக்டோபர் வரை மழை, கோ சமுய் பக்கம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைதான் பெருமழை. மழை சீசன்ல போகவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், வாடகை குறையும், கூட்டம் இருக்காது, சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கொட்டிட்டு பளிச்சுன்னு வெளுத்துடுற ஊரெல்லாம் உண்டு. ஆனா புயல் அடிக்கிற பக்கம் போறீங்கன்னா டிராவல் இன்சூரன்ஸ டிக்கெட் போட்ட கையோட எடுத்துடுங்க, புயலுக்கு பேர் வச்சதுக்கு அப்புறம் எடுக்குற பாலிசி பொதுவா அந்தப் புயலுக்கு செல்லாது.

கேன்சல் ரூல்ஸ் கறாரா இருக்கும், அதுக்கு கோவப்படாதீங்க. அஞ்சு ரூம் இருக்குற இடத்துல ஒருத்தர் கடைசி நேரத்துல வரலன்னா அன்னிக்கு வருமானத்துல அஞ்சுல ஒரு பங்கு போச்சு, 200 ரூம் ஓட்டலுக்கு அது தெரியவே தெரியாது.

புக் பண்றதுக்கு முன்னாடி ஓனருக்கு ஒரு மெசேஜ் போடுங்க, பதில் வர்ற தோரணையிலயே அந்த இடம் எப்படின்னு முக்கால்வாசி புரிஞ்சிடும். என்ன கேக்கணும்னா, ஏசி ரூம்ல இருக்கா இல்ல ஃபேன் மட்டும்தானா, ஏசிக்கு தனி காசா, பாத்ரூம் ரூமோட சேர்ந்ததா வெளிய போகணுமா, ரூமுக்கு எத்தனை படி ஏறணும் (முட்டி வலி இருக்குறவங்க இதை கண்டிப்பா கேளுங்க, மேட்டு மேல கட்டின வீடுங்க நிறைய, லிஃப்ட் இருக்காது), கரண்டு போனா ஜெனரேட்டர் இருக்கா, வீட்டுல நாய் பூனை இருக்கா, கார்டு வாங்குவாங்களா ரொக்கமா, டாக்ஸ் எல்லாம் சேர்த்துதான் சொன்ன ரேட்டா. ஏதாச்சும் சாப்பாடு ஒத்துக்காதுன்னா அதையும் அப்பவே சொல்லிடுங்க, ஏன்னா அவங்க மொத்த வாரத்துக்கும் சேர்த்து சாமான் வாங்கி வச்சிருப்பாங்க, காலைல தட்டு முன்னாடி உக்காந்துக்கிட்டு எனக்கு முட்டை ஆகாதுன்னு சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்.

வந்து சேர்ற நேரத்த மட்டும் தயவுசெஞ்சு சரியா சொல்லுங்க, இத நான் பட்டு கத்துக்கிட்டேன். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு தடவை ஃப்ளைட் லேட்டாகி, அதுக்கு அப்புறம் படகையும் விட்டுட்டு, போன்ல சிக்னலும் இல்லாம, ராத்திரி பதினொன்றரைக்கு பூட்டின கேட் முன்னாடி போய் நின்னோம். ஏர்போர்ட்ல வைஃபை இருந்தப்பவே லேட்டாகும்னு ஒரு வரி போட்டிருக்கலாம், எனக்கு தோணவே இல்ல. நாய் குரைச்ச சத்தத்துல முழிச்சு அந்த வீட்டு அம்மா நைட்டியோட டார்ச் அடிச்சிக்கிட்டு செருப்பு இல்லாம ஓடி வந்தாங்க, ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல, ரூமுக்குள்ள போனா மேஜை மேல பழம் வெட்டி வச்சு வலைக்கூடையால மூடி வச்சிருந்தாங்க, எங்களுக்காக சாயங்காலமே வெட்டினது, ஓரமெல்லாம் காஞ்சு போயிருந்துச்சு. காலைல அவங்க கண்ணு சிவந்திருந்தத பாத்து எனக்கு ரொம்ப சங்கடமாயிடுச்சு, ராத்திரி முழிச்ச அதே ஆள்தான் ஆறு மணிக்கு அடுப்படியிலயும் நிக்கணும். முடிஞ்சா வெளிச்சம் இருக்கும்போதே போய் சேருங்க, பூமத்திய ரேகைக்கு பக்கத்துல சூரியன் மறைஞ்சா இருபது இருபத்தஞ்சு நிமிஷத்துல இருட்டிடும், தெரியாத ஊர்ல மண் ரோட்டுல போர்டு தேடுறது கஷ்டம்.

ரூமுக்குள்ள போனதும் முதல்ல பாக்க வேண்டியது கொசுவலை. விரிச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு ஓட்டை இருக்கான்னு பாருங்க, இருந்தா அப்பவே சொல்லுங்க மாத்தி குடுப்பாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் வர மாட்டாங்க. படுக்கும்போது வலை ஓரத்த மெத்தைக்கு அடியில நல்லா சொருகிடணும், சும்மா தொங்க விட்டா பிரயோஜனம் இல்ல. மலேரியா பரப்புற அனாஃபிலிஸ் கொசு பொழுது சாஞ்சதுல இருந்து விடியிற வரை கடிக்கும், டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு பகல்லதான் கடிக்கும், அதனால ராத்திரி மட்டும் கொசு கிரீம் தடவினா போதும்னு இருக்காதீங்க. டீட்ங்குற கொசு விரட்டி மருந்து 20-ல இருந்து 30 சதவீதம் இருக்குற கிரீம் போதும், சன்ஸ்கிரீன் முதல்ல, அது காஞ்சதும் கொசு கிரீம் மேல. சுவத்துல பல்லி இருந்தா விட்டுடுங்க, அது பூச்சிய பிடிக்குது.

ஏசி இருந்தா ஜன்னல் எல்லாத்தையும் மூடிட்டு போடுங்க. அந்த ஊர் வீடுங்கள்ல பலகை பலகையா திறக்குற லூவர் ஜன்னல் இருக்கும், அத திறந்து விட்டுட்டு ஏசி போட்டா வெளிய இருக்குற ஈரக்காத்து உள்ள வந்து தரை, கண்ணாடி எல்லாம் வேர்க்கும், கரண்டும் வீண். ஈர டவல், குளிச்ச துணிய கட்டில் மேல போடாதீங்க, அந்த ஈரப்பதத்துல ரெண்டு நாள்ல பூஞ்சை வாசம் வந்துடும், வெளிய கொடியில காய போடுங்க. பிஸ்கட் கிஸ்கட் எல்லாம் டப்பாவுல வச்சிடுங்க, எறும்பு எப்படித்தான் வருமோ தெரியாது. பாத்ரூம்ல டாய்லெட் பேப்பர குப்பைக்கூடையில போடுங்கன்னு எழுதியிருந்தா அப்படியே செய்யுங்க, அங்க செப்டிக் டேங்க், குழாய் அடைச்சா உங்க ரூம் மட்டும் இல்ல, மொத்த வீட்டுக்கும் அடைக்கும்.

இப்போ சத்தம், ஏன்னா இந்த இடத்துக்கு எல்லாரும் வர்றதே அமைதிக்காக. அந்த லூவர் வழியா பக்கத்து ரூம்ல இருமினாக்கூட கேக்கும். ஸ்பீக்கர் போடவே போடாதீங்க, போன்ல வீடியோ கால் பேசுறதா இருந்தா தோட்டத்து மூலைக்கு போங்க, ராத்திரி கதவ மெதுவா சாத்துங்க, வராண்டால உக்காந்து பேசும்போது குரல் தானா ஏறிடும், கொஞ்சம் கவனிச்சிக்கோங்க. அதே நேரம் இயற்கை போடுற சத்தத்துக்கு ஓனர் பொறுப்பில்ல. புவெர்ட்டோ ரிக்கோல கோக்கின்னு கட்டை விரல் அளவு கூட இல்லாத ஒரு தவளை, இருட்டினதுல இருந்து விடியிற வரை அதோட பேரையே கூவிட்டு இருக்கும், இன்னொரு ஊர்ல சேவல், வேற எங்கயாச்சும் அலை. காதுல வைக்கிற பஞ்சு ஒரு ஜோடி எடுத்துட்டு போங்க.

காலை டிபன்தான் இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது. பெரும்பாலும் ஒரே நீள மேஜை, எல்லா ரூம் ஆளுங்களும் ஒண்ணா உக்காரணும், எட்டுல இருந்து ஒன்பதரைன்னு சொன்னா ஒன்பதே காலுக்குள்ள போயிடுங்க. பேசணும்னு கட்டாயம் இல்ல, குட் மார்னிங் சொல்லி ஒரு சிரிப்பு சிரிச்சா போதும், அமைதியா சாப்பிட்டு எழுந்து போறவங்களையும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஓனர் காபி ஊத்த வரும்போது இன்னிக்கு எந்த பீச்சுக்கு போகலாம்னு கேளுங்க. எந்தப் பக்கம் அலை இழுக்கும், எத்தனை மணிக்கு தண்ணி வத்தும், எந்த ரோடு மழையில சேறாகும்னு அவங்களுக்கு தெரியும், எந்த ஆப்லயும் அது இருக்காது. இழுப்பு இருக்குற பீச்சுல மாட்டிக்கிட்டா கரைய பாத்து எதிர்த்து நீந்தாதீங்க, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி இழுப்ப தாண்டிட்டு அப்புறம் கரைக்கு வாங்க.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது பின்னாடி என்ன சேர்த்திருக்குன்னு பாருங்க, பவளப்பாறைக்கு கெடுதல்னு ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட்ங்குற ரசாயனத்துல ஒண்ணு இருந்தாக்கூட அத பலாவு நாட்டுல 2020-லயும் ஹவாய்ல 2021-லயும் விக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சு. எஸ்பிஎஃப் (வெயில்ல இருந்து காக்குற அளவு, டப்பா மேல போட்டிருக்கும்) 30-ஓ அதுக்கு மேலயோ, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணியில இருந்து ஏறினதும் மறுபடி.

கிளம்புற அன்னிக்கு ஃப்ளைட் ராத்திரின்னா பெட்டிய வச்சிட்டு போகலாமா, சாயங்காலம் ஒரு குளியல் போடலாமான்னு முதல் நாளே கேளுங்க, நிறைய வீட்டுல தோட்டத்துல ஒரு ஷவர் இருக்கும், சந்தோஷமா சரின்னு சொல்லுவாங்க. ரூம் சுத்தம் பண்றவங்களுக்கு ஏதாச்சும் குடுக்கணும்னு தோணினா கவர்ல போட்டு அவங்க கையிலயே குடுங்க. ஏதாவது குறை இருந்தா அங்க இருக்கும்போதே ஓனர் கிட்ட சொல்லுங்க, சொல்லாம வந்துட்டு ரிவ்யூல ஒரு ஸ்டார் போட்டா அஞ்சு ரூம் வச்சிருக்குறவங்களுக்கு அது பெரிய அடி. ரிவ்யூ எழுதும்போது அருமைன்னு மட்டும் எழுதாம எத்தனை படி, நாய் எப்படி, ராத்திரி எந்த ரூம்ல காத்து நல்லா வருது, சிக்னல் எங்க கிடைக்குதுன்னு எழுதுங்க, அடுத்து போறவங்க அதத்தான் தேடுவாங்க.