ஆடும் ஸ்டாக்கை விறைப்பாக்கினால் மஸில்லோடர் குறி தானாகச் சேரும்

உங்கள் மஸில்லோடரில் (பேரலின் வாய் வழியே கரிமருந்தும் குண்டும் நிரப்பிச் சுடும் துப்பாக்கி) மருந்தின் அளவை மாற்றியாயிற்று, குண்டை மாற்றியாயிற்று, ஸ்கோப்பையும் மாற்றியாயிற்று. இன்னும் அட்டையில் ஓட்டைகள் சிதறித்தான் விழுகின்றனவா? அடுத்த செலவுக்கு முன் ஸ்டாக்கின் (பேரல் உட்காரும் கட்டை) முன்பகுதியையும் பேரலையும் சேர்த்து ஒரு கையால் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். விலை குறைந்த இன்லைன் (பற்றவைக்கும் பகுதி பேரலுக்கு நேர் பின்னால் இருக்கும் வகை) மஸில்லோடர்களில் வரும் பிளாஸ்டிக் ஸ்டாக் பெரும்பாலும் வெறும் கூடு: மெல்லிய சுவர், குறுக்கே சில தட்டிகள், நடுவே ராம்ராட் (குண்டைப் பேரலுக்குள் தள்ளும் கம்பி) போக ஒரு வழி. மணல் பையில் வைத்து அழுத்தினால் மேல்பக்கம் வளைந்து பேரலைத் தொடும். தோள்வாரை இழுத்துப் பிடித்தால் வேறு பக்கம் போகும். தொடும் இடமும் அழுத்தமும் மாறிக்கொண்டே இருந்தால் குண்டு எப்படி ஒரே இடத்தில் விழும்?

கை வைக்கும் முன்

மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை எடுத்துவிடுங்கள். மஸில்லோடரை வெளியிலிருந்து பார்த்து உள்ளே மருந்து இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ராம்ராடைப் பேரலுக்குள் கடைசி வரை இறக்கி, வாய் விளிம்பில் விரலால் அடையாளம் பிடித்து வெளியே எடுங்கள். அதையே பேரலின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிரீச் பிளக்கின் (பேரலின் பின்முனையை அடைக்கும் திருகு) முகம் வரை நீள வேண்டும். சில சென்டிமீட்டர் குறைந்தால் உள்ளே லோடு (மருந்தும் குண்டும்) இருக்கிறது. அதை எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கோளாறு ஸ்டாக்கில்தானா?

ஒரு தாள் துண்டைப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையே நுழைத்துப் பின்னோக்கி இழுத்து வாருங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு துப்பாக்கியை மணல் பையில் வைத்து, சுடும்போது அழுத்தும் அளவுக்கு அழுத்திக்கொண்டே மறுபடியும் இழுங்கள். முதலில் வழுக்கிக்கொண்டு வந்த தாள் இப்போது மாட்டிக்கொண்டால் காரணம் தெரிந்துவிட்டது.

ரேஞ்சில் உறுதி செய்வதும் சுலபம். பையை டிரிகர் கார்டுக்குச் சற்று முன்னால் வைத்து மூன்று, ஸ்டாக்கின் நுனியில் வைத்து மூன்று குண்டு சுடுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் இடையே பேரலைத் துடையுங்கள், மருந்தும் குண்டை அழுத்தும் பலமும் மாறக்கூடாது. இரண்டு கூட்டமும் தனித்தனி உயரத்தில் விழுந்தால் ஸ்டாக்தான். இரண்டுமே தாறுமாறாகச் சிதறினால் முதலில் ஸ்கோப் மவுண்ட் திருகுகளையும் பிரீச் பிளக்கையும் பாருங்கள். ஸ்டாக்கை விறைப்பாக்க ஊற்றும் எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து இறுக வைக்கும் பசை) அதைச் சரி செய்யாது.

என்னென்ன வேண்டும்

8 மி.மீ. கார்பன் ஃபைபர் குழாய் இரண்டு (பழைய அம்புத் தண்டு இருந்தாலும் போதும்), மெதுவாக இறுகும் எபாக்சி 100 மி.லி., 80 கிரிட் உப்புத்தாள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நிறமில்லாத ஷூ பாலிஷ் (எபாக்சி ஒட்டாமலிருக்கப் பூச), மாடலிங் களிமண், மாஸ்கிங் டேப். ஐந்து நிமிட எபாக்சி வேண்டவே வேண்டாம். குழாயை நேராக்குவதற்குள் இறுகிவிடும். முழுக்கத் திருகுமரை வெட்டிய இரும்புக் கம்பியைப் போடுபவர்களும் உண்டு. பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் துப்பாக்கியின் மூக்கு கனத்துவிடும். கார்பன் குழாய்தான் என் தேர்வு. 100 மி.லி. எபாக்சியே சுமார் 115 கிராம் கூட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

குழாயைப் பதிப்பது

பேரலைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் குறுக்குத் தட்டிகளில் இரண்டு பக்கமும் குழாய் உட்காரும் அளவுக்குப் பள்ளம் வெட்டுங்கள். இந்த வகைப் பிளாஸ்டிக்கில் எபாக்சி சரியாக ஒட்டாது. அதனால் உள்சுவரை உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, தட்டிகளில் 3 மி.மீ. துளைகள் போடுங்கள். எபாக்சி அதற்குள் புகுந்து இறுகினால்தான் பிடிமானம். வெளிச்சுவரில் துளை போட்டுவிடாதீர்கள். துடைக்க ஆல்கஹால் போதும்; அசிட்டோன் சில பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும்.

அதிகம் கவனம் வேண்டிய இடம் ராம்ராட் வழி. சாதாரண ரைஃபிளுக்கான பெடிங் (உலோகம் ஸ்டாக்கில் அசையாமல் பொருந்த எபாக்சியில் அச்செடுப்பது) விளக்கங்களை அப்படியே பின்பற்றினால் மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்த வழிக்குள் எபாக்சி ஒழுகி இறுகிவிட்டால் ராம்ராட் நுழையாது, பிறகு நீளமான டிரில் பிட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். ராம்ராடை விடக் கொஞ்சம் தடிமனான கம்பி ஒன்றை எடுத்து, டேப் சுற்றி, ஷூ பாலிஷை இரண்டு முறை பூசிக் காயவிட்டு வழிக்குள் செருகுங்கள். கம்பி தட்டிகளைக் கடந்து போகும் ஒவ்வொரு இடத்திலும் களிமண்ணால் அடையுங்கள். தோள்வார் கொக்கியின் திருகையும் பாலிஷ் பூசி அதன் இடத்திலேயே விடுங்கள். எபாக்சி ஊற்றியபின் கப்பில் மிஞ்சிய கலவையை அவ்வப்போது குச்சியால் குத்திப் பாருங்கள். ஜவ்வு மாதிரி ஆனதும் கம்பியைக் கால் சுற்றுத் திருப்பி விடுங்கள். ரப்பர் பதத்துக்கு வந்ததும் முழுவதும் உருவிவிடலாம். கல்லாகும் வரை காத்திருந்தால் கம்பி வராது.

ஒரே மூச்சில் நிரப்பாமல் இரண்டு தடவையாக ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் இறுகும்போது வெளிவரும் சூட்டில் பிளாஸ்டிக் நெளியும். ஸ்டாக்கை வைஸில் லேசாகப் பிடித்தால் போதும். வளைந்த நிலையில் இறுக்கினால் அந்த வளைவே நிரந்தரமாகிவிடும். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

பெடிங்கும் இடைவெளியும்

பேரல் ஸ்டாக்கைத் தொடாமல் மிதக்க வேண்டும். தடிமனான உருளைக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்து, சுற்றிலும் சுமார் 1.5 மி.மீ. இடைவெளி வாங்குங்கள். தட்டிகளின் உச்சியையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும்.

ரிகாயில் லக் (உதையை ஸ்டாக்குக்குக் கடத்தும் உலோக முளை) உட்காரும் குழியில் மட்டும் இரும்புத்தூள் கலந்த எபாக்சி, அல்லது பெடிங்குக்கென்றே விற்கும் அக்ராகிளாஸ் ஜெல். லக்கின் முன்முகம், பக்கங்கள், அடி ஆகியவற்றில் டேப் ஒட்டுங்கள். பின்முகத்தில் ஒட்டாதீர்கள், உதையைத் தாங்குவது அதுதான். உலோகம் முழுவதும், திருகுகளிலும், பாலிஷ் பூசுங்கள். டிரிகர் துளைகளையும் பிளக் மரைகளையும் களிமண்ணால் அடையுங்கள். எபாக்சி ஒரு துளைக்குள் புகுந்து மறுபக்கம் கொக்கி போட்டுவிட்டால் எத்தனை பாலிஷ் பூசியும் பயனில்லை. திருகைக் கை இறுக்கத்தோடு நிறுத்துங்கள், முறுக்கினால் ஸ்டாக் வளைந்தபடியே அச்சாகும். மறுநாள் பிரியாவிட்டால் ஒரு மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

கரிமருந்துக் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும் என்பதால் மஸில்லோடரை அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும். எனவே திருகை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஆடம்பரமில்லை. கையேட்டில் சொன்ன அளவை ஒவ்வொரு முறையும் அதே அளவாக இறுக்குங்கள். அது மாறினால் குறியும் மாறும்.

எப்போது ஸ்டாக்கையே மாற்றலாம்

பிடி அருகே விரிசல் இருந்தாலோ, திருகுத்தலை பிளாஸ்டிக்கில் புதைந்துகொண்டே போனாலோ ஒட்டுவேலை வீண். லேமினேட் மர ஸ்டாக் வாங்குங்கள், அதற்குள்ளும் ராம்ராட் வழி, லக் குழி இரண்டும் உங்கள் மாடலுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பின்கட்டைக்குள் ஃபோம் அடிப்பது சத்தத்தைக் குறைக்கும், விறைப்பைத் துளியும் கூட்டாது.

பின்சேர்க்கை

பேரலை மரக்கட்டையோடு ஆப்பு செருகிப் பிடித்திருக்கும் பழைய பாணித் துப்பாக்கிகளைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். அங்கே பேரலின் அடியில் உள்ள லக்கில் ஆப்பு நுழையும் துளை நீளவாக்கில் சற்று அகலமாக இருக்க வேண்டும். சூடானால் பேரல் நீளும். இடமில்லாவிட்டால் கட்டையை இழுத்து வளைக்கும். பெடிங் செய்யும்போது அந்தத் துளையையும் களிமண்ணால் அடையுங்கள். எபாக்சி படாத மரத்துக்கு உள்பக்கமும் வார்னிஷ் பூசுங்கள், கழுவும் தண்ணீர் அங்கேதான் தேங்கும்.

மடித்துத் திறக்கும் மாடல்களில் முன்கட்டை பேரலிலேயே திருகில் தொங்குகிறது. அதற்கு இந்த முழு வேலை தேவையில்லை. திருகு இறுகும் இடத்தில் மட்டும் சிறு பெடிங் போட்டு, மற்ற இடங்களில் இடைவெளி விட்டால் போதும்.