முதல் ஸ்கோப் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

எங்கள் துப்பாக்கி சுடுதல் கழகத்தில் புதிதாகச் சேர்ந்த வெள்ளவத்தைத் தம்பி ஒருவர், பயிற்சி முடிந்து கைகழுவிவிட்டு வந்து தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். திரையில் ஒரு கறுப்புக் குழாய், அருகே கொட்டை எழுத்தில் 6-24x50, அதாவது 6 முதல் 24 மடங்கு வரை பெருக்கம், முன் வில்லை 50 மில்லிமீட்டர். "அண்ணா, சித்தப்பா ஆவணியில் கனடாவிலிருந்து வருகிறார். இதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லட்டுமா? விலை மலிவு. 24 மடங்கு பெரிதாகக் காட்டும்."

நல்லவேளையாக, வாங்குமுன் கேட்டார். வாங்கிய பிறகு வருகிறவர்களிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரிவதில்லை. ரைபிளின் மேல் பூட்டும் தொலைநோக்கியைத்தான் ஸ்கோப் என்கிறோம். தொலைதூரக் குறிபார்த்துச் சுடுதலில் இறங்குகிறவர்கள் குறைந்த செலவில் அதை வாங்கும்போது திரும்பத் திரும்ப ஒரே பிழைகளை விடுகிறார்கள். அவற்றில் பெரியது பெட்டியில் அச்சிட்ட பெரிய எண்ணுக்குக் காசு கொடுப்பது.

முதலில் சித்தப்பாவின் பெட்டி. இலங்கையில் துப்பாக்கி 1916 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. உரிமம் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதன்மேல் பூட்டும் ஸ்கோப்பைச் சாதாரணப் பொருளென்று நினைத்துச் சாக்லேட்டுக்கும் சட்டைக்கும் நடுவே வைத்துக் கொண்டுவரச் சொல்வது, உறவினர் ஒருவரைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் விசாரணை மேசையின் முன் உட்கார வைக்கும் வேலை. நம் வீடுகளில் பெரியவர்கள் சோதனைச் சாவடிகளைக் கடந்து வாழ்ந்தவர்கள். அந்த அச்சத்தை அவர்களுக்குத் திரும்பக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. புறப்படும் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, ஐக்கிய அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் துப்பாக்கித் தொலைநோக்கிகளும் அடங்கும். ஆகவே பணம் கட்டுமுன் கழகத்தின் வழியாகப் பாதுகாப்பு அமைச்சிடமும் சுங்கத்திடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி எதையும் தருவிக்க வேண்டாம்.

அடுத்து, எந்தப் பிரிவில் சுடப் போகிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். ஒலிம்பிக்கில் இடம்பெறும் 10 மீட்டர் காற்று ரைபிளிலும் 50 மீட்டர் ரைபிளிலும் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. சிறு துளை வழியே பார்க்கும் சாதாரணக் குறிகாட்டிதான். இது தெரியாமல் ஸ்கோப்பை வாங்கிவிட்டு, போட்டி விதிகளைப் பிறகு படித்து முகம் வாடியவர்களை அறிவேன். இங்கிலாந்தின் பிஸ்லி சுடுகளத்தில் 1,000 யார் தூரம், அதாவது 914 மீட்டர் வரை நடக்கும் போட்டிகளில்கூட எஃப்-கிளாஸ் போன்ற சில பிரிவினர்தான் ஸ்கோப் வைக்கிறார்கள். அதே தூரத்தில் டார்கெட் ரைபிள் பிரிவினர் துளைக் குறிகாட்டியோடுதான் சுடுகிறார்கள். உங்கள் பாதை எது என்று பயிற்சியாளரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இனி அந்த 24. அதிக மடங்கு பெருக்கினால் இலக்கு பெரிதாகத் தெரியும், உண்மைதான். உங்கள் கை நடுக்கமும் மூச்சும் அதே மடங்கு பெரிதாகும். நம் ஊர் வெயிலில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு தரையிலிருந்து எழும் வெப்பம் காற்றை நெளிய வைக்கும். 24 மடங்கில் இலக்கு கொதிக்கும் எண்ணெய்க்குள் கிடப்பதுபோல் ஆடும். 10 மடங்கில் அதே இலக்கு ஓரளவு அமைதியாக நிற்கும். பெருக்கம் கூடக்கூட வெளிச்சமும் குறையும். முன் வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 50 மில்லிமீட்டர் வில்லை 24 மடங்கில் தருவது 2 மில்லிமீட்டர்தான், 40 மில்லிமீட்டர் வில்லை 10 மடங்கில் தருவது 4 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் வட்டத்துக்குள் கண்ணை நிறுத்தக் கழுத்து படும் பாட்டை ஒருமுறை பட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மலிவான கண்ணாடியில் மேல்நிலைப் பெருக்கம் மங்கலாகவும் இருக்கும். 200 மீட்டர் வரை பழகுகிறவருக்கு 3-12 அல்லது 4-16 தாராளம். பெருக்கம் மாறாத 10 மடங்கு ஸ்கோப் கிடைத்தால் என் ஓட்டு அதற்கே. அசையும் பாகங்கள் குறைவு என்பதால் அதே விலைக்கு உள்ளே நல்ல வேலைப்பாட்டை எதிர்பார்க்கலாம்.

காசைக் கொட்ட வேண்டிய இடம் இனித்தான் வருகிறது.

ஸ்கோப்பின் மேலேயும் பக்கத்திலும் திருகும் குமிழ்கள் இரண்டு இருக்கும். டரட் என்பார்கள். சன்னம் தூரம் போகப் போகத் தாழும். அந்தத் தாழ்வை ஈடுகட்ட மேல் டரட்டைக் கிளிக், கிளிக் என்று திருப்புகிறோம். சாதாரணப் பாயிண்ட் 22 ரவையை எடுத்துக்கொள்வோம். 50 மீட்டரில் குறியைச் சரிசெய்து வைத்திருந்தால் 200 மீட்டரில் சன்னம் ஒன்றரை மீட்டருக்கும் மேலே தாழ்ந்து போகும். அதற்கு ஏறக்குறைய 8 மில் (மில் என்பது கோண அலகு, 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர்) திருப்ப வேண்டும். பிறகு 50 மீட்டருக்கு வரும்போது அதே 8 மில்லைத் திரும்ப இறக்க வேண்டும். இப்படி ஒரே காலையில் பத்துத் தடவை ஏற்றி இறக்குவோம். ஒவ்வொரு முறையும் சொன்ன அளவு நகர்ந்து, புறப்பட்ட இடத்துக்கே ஸ்கோப் திரும்பி வரவேண்டும். தொலைதூரச் சுடுதலுக்கு ஸ்கோப்பின் உயிர் இதுதான்.

வெளியே தெரியும் குழாய்க்குள் இன்னொரு சிறு குழாய் இருக்கிறது. ஒரு பக்கம் டரட்டின் திருகாணி அதைத் தள்ளும், எதிர்ப்பக்கம் ஒரு சுருள்வில் தாங்கிப் பிடிக்கும். மலிவுப் பொருளில் சுருள்வில் வலுவில்லாமல் இருக்கும் அல்லது திருகாணியின் உலோகம் மென்மையாக இருக்கும். நீங்கள் திருப்புவீர்கள், கிளிக் சத்தமும் கேட்கும், உள்ளே குழாய் நகராமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு வெடிக்குப் பிறகு அதிர்ச்சியில் திடீரென நகரும். சுடுகிறவரோ தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். நான் அப்படி நான்கு மாதம் என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ரவைகூடச் செலவழிக்காமல் இதைச் சோதிக்கலாம். 25 மீட்டர் நீளமான மண்டபம் போதும். ஒரு முனையில் சுவரில் வரைபுத்தாளை ஒட்டுங்கள். மறுமுனையில் ஸ்கோப்பை மட்டும் மேசையோடு இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியில் பூட்டுங்கள். 25 மீட்டரில் 10 மில் என்பது சரியாக 25 சென்டிமீட்டர். பத்தில் ஒரு மில் கிளிக் என்றால் நூறு கிளிக். "மேல்" என்று குறித்த திசையில் திருப்பும்போது, ஸ்கோப்புக்குள் குறிபார்க்கத் தெரியும் குறுக்குக்கோடு தாளில் கீழே இறங்கும். பதற வேண்டாம், அப்படித்தான் இறங்க வேண்டும். கண்ணை நடுவிலேயே வைத்து, நூறு கிளிக் போய் அளவைக் குறியுங்கள், நூறு கிளிக் திரும்பி வாருங்கள். பிறகு மேல், வலம், கீழ், இடம் என்று ஒரு சதுரம் போட்டு, தொடங்கிய புள்ளிக்கே வருகிறதா பாருங்கள்.

என் முதல் ஸ்கோப்பை இப்படி வைத்துப் பார்த்த மாலை நினைவிருக்கிறது. நூறு கிளிக்குக்கு 25 சென்டிமீட்டர் இறங்க வேண்டியது 23.5 இல் நின்றது. அதுகூடப் பரவாயில்லை. எப்போதும் அதே அளவு குறைந்தால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். திரும்பி வந்தபோது பென்சில் புள்ளிக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் குறுக்குக்கோடு நின்றுவிட்டது. மறுபடி செய்தேன், இந்த முறை புள்ளியைத் தாண்டிப் போனது. 25 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 200 மீட்டரில் 8 சென்டிமீட்டர். ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகத் தவறும் பொருளுக்கு எந்தக் கணக்கும் உதவாது. திருப்பிக் கொடுக்கும் கால அவகாசமும் முடிந்திருந்தது. ஆகவே கையில் கிடைத்த முதல் வாரத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

அலகுகளில் பலர் குழம்புகிறார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பள்ளியில் கலை என்று படித்திருப்போம். எம்.ஓ.ஏ. என்பது அதுவே. 100 மீட்டரில் அது 2.9 சென்டிமீட்டர், கால் எம்.ஓ.ஏ. கிளிக் 7.3 மில்லிமீட்டர். மில் என்றால் 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், அதில் பத்திலொரு கிளிக் ஒரு சென்டிமீட்டர். மீட்டரில் அளந்து வளர்ந்த நமக்கு மில் இலகு. எதை எடுத்தாலும் டரட்டும் குறுக்குக்கோட்டின் அளவுகளும் ஒரே அலகில் இருக்க வேண்டும். கோடு மில்லிலும் டரட் எம்.ஓ.ஏ.யிலும் இருக்கும் மலிவு ஸ்கோப்புகள் இன்னும் விற்கின்றன. ஒவ்வொரு முறையும் 3.44 ஆல் பெருக்கிக்கொண்டிருக்க நேரிடும். குறுக்குக்கோடு முதல் குவியத் தளத்தில் இருக்க வேண்டுமா, இரண்டாவதிலா என்ற விவாதத்தில் தொடக்கநிலையினர் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. இரண்டாம் தளத்தில் கோட்டின் அளவு ஒரு குறிப்பிட்ட பெருக்கத்தில் மட்டுமே சரியாக இருக்கும். டரட்டைத் திருப்பிச் சுடுகிறவருக்கு அது பெரிய இடையூறில்லை.

இடமாறு தோற்றம் பலர் கவனிக்காமல் விடுவது. பேருந்தின் பக்க இருக்கையிலிருந்து பார்த்தால் வேகமானியின் முள் வேறு எண்ணைக் காட்டுமே, அதே வழுதான். பல மலிவு ஸ்கோப்புகளை 100 யாருக்கு அளவமைத்து அனுப்புகிறார்கள். 40 மில்லிமீட்டர் வில்லையுள்ள அப்படிப்பட்ட ஒன்றை 50 மீட்டரில் வைத்து, கண்ணை ஓரத்தில் வைத்தால் குறி 9 மில்லிமீட்டர் வரை விலகலாம். 50 மீட்டர் ரைபிள் இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் முழு விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். பக்கக் குமிழாலோ முன் வளையத்தாலோ இதைச் சரிசெய்யும் வசதியுள்ள ஸ்கோப்புக்குச் சற்றுக் கூடக் கொடுப்பது வீணாகாது. ரவை வாங்கும் செலவில் ஓராண்டில் திரும்ப வந்துவிடும்.

டரட் மொத்தம் எவ்வளவு போகும் என்பதையும் விவரத்தாளில் பாருங்கள். 40 எம்.ஓ.ஏ. என்று போட்டிருந்தால் நடுவிலிருந்து மேலே 20 தான் கிடைக்கும். மேலே சொன்ன 8 மில் 27 எம்.ஓ.ஏ.க்கு மேல். அதை எட்டுமுன்பே டரட் முட்டிக்கொள்ளும். ஸ்கோப்பை ரைபிளில் பூட்ட 20 எம்.ஓ.ஏ. சரிவுள்ள அடித்தண்டு வைத்தால் தீரும், ஆனால் அதற்கும் தனிச் செலவு உண்டு. இங்கே இன்னொரு பிழை நடக்கிறது: எல்லாப் பணத்தையும் ஸ்கோப்புக்குக் கொடுத்துவிட்டு, பிடிக்கும் வளையங்களுக்குக் கையில் மிஞ்சியதைக் கொடுப்பது. ஐந்தில் ஒரு பங்கை வளையங்களுக்கும் தண்டுக்கும் முதலிலேயே ஒதுக்குங்கள். குழாய் 25.4 மில்லிமீட்டரா 30 ஆ, ரைபிளின் மேல் 11 மில்லிமீட்டர் வெட்டா அகலத் தண்டா என்று அளந்த பிறகே வாங்குங்கள். சுருள்வில் காற்று ரைபிள் என்றால் அதற்கென்று தாங்குமென எழுதிய ஸ்கோப்தான் வேண்டும். அது பின்னாலும் முன்னாலும் உதைக்கும், சாதாரண ஸ்கோப்பின் உள்ளுறுப்புகள் குலைந்துவிடும்.

பூட்டும்போது அவசரப்பட வேண்டாம். சுவரில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ரைபிளைச் சமமாக வைத்து, நிலைக்கோட்டை அந்த நூலோடு ஒன்றச் செய்யுங்கள். மூன்று பாகை சாய்ந்திருந்தால் 8 மில் ஏற்றும்போது 200 மீட்டரில் 8 சென்டிமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் போகும். காற்று அடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். வளையத்தின் திருகாணிகளைக் கைபலத்துக்கு இறுக்கினால் குழாய் நசுங்கும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, அளவுகாட்டும் திருப்புளியால் இறுக்குங்கள். பெரும்பாலும் அது 2 நியூட்டன் மீட்டருக்கு அருகில் இருக்கும்.

வாங்கிய பிறகு நடக்கும் பிழை ஒன்று கொழும்புக்கே உரியது. இங்கே ஈரப்பதன் கண்ணாடியைத் தின்னும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் காற்றோடு உப்பும் வரும். படம் பிடிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், வில்லைக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சணம் படர்ந்து கமராவைத் தூக்கி எறிந்த கதை எல்லோரிடமும் இருக்கும். ஸ்கோப்பை மழையில் நனைந்த பஞ்சுப் பையோடு அலுமாரிக்குள் வைத்தால் அதே கதிதான். உள்ளே நைதரசன் அல்லது ஆர்கன் வாயு நிரப்பி அடைத்ததா என்று பார்த்து வாங்குங்கள். சுடுகளத்திலிருந்து வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால் மணிகள் ஈரம் குடித்துவிட்டதைக் கண்ணால் காணலாம். அப்போது மெல்லிய சூட்டில் உலர்த்தி மறுபடி போடலாம்.

வெள்ளவத்தைத் தம்பி அந்த 6-24 ஐ விட்டுவிட்டார். கழகம் அமைச்சுக்கு அனுப்பும் கடிதத்தில் இப்போது அவருடைய பெயரும் இருக்கிறது. பதில் வரும்வரை துளைக் குறிகாட்டியோடு 50 மீட்டரில் சுடுகிறார், போன ஞாயிறு பத்து வெடியில் ஆறு, பத்துப் புள்ளி வட்டத்துக்குள் போனது.