குசினி மேடையில் தேங்கிய தண்ணீர்

கிளிநொச்சியில் எங்கள் குசினியைத் திருத்திக் கட்டி முடித்தபோது இரண்டு குறைகள் நின்றன. சுவரில் ஒரு வரிசை ரைல்ஸ் கொஞ்சம் வெளிறல். மற்றது, மேடையும் சுவரும் சேரும் மூலையில் தண்ணீர் தேங்கியது.

முதலாவதை அப்படியே விட்டேன். ஒன்றைக் கழற்றப் போனால் பக்கத்தில் உள்ளதும் வெடிக்கும். மாமியைத் தவிர யாரும் அதைக் கவனித்ததுமில்லை.

தண்ணீர் அப்படியில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட. தேங்கி வற்றினால் வெள்ளைப் படைதான். மூலையில் பூசிய கிறவுட்டிலும் (இடைவெளி அடைக்கும் சீமெந்துப் பூச்சு) மெல்லிய வெடிப்பு. மேடையும் சுவரும் ஒன்றாக அசைவதில்லை, அதனால் அங்கே சீமெந்துப் பூச்சு நிலைக்காது. உள்ளே இறங்கும் நீர் கீழே உள்ள பலகை அலுமாரியை ஊதவைக்கும்.

"மேடைக் கல்லைக் கழற்றிச் சரிவு எடுப்பம் தம்பி" என்றார் மேசன் அண்ணை. ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கையகல இடத்தில்தான் நின்றது. "அப்ப கல்லில கை வைக்க வேண்டாம் அண்ணை" என்றேன்.

பழைய கிறவுட்டைக் கத்தியால் சுரண்டி, தூசி துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இருபக்கமும் ரேப் ஒட்டி, பூஞ்சணம் பிடிக்காத, றப்பர் போல வளைந்துகொடுக்கும் சிலிக்கன் பசை அடித்தேன். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுவையாக இழுத்து, அது காயுமுன்னே ரேப்பை உரிக்க வேண்டும். பிறகு ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. அன்று சமையல் வெளி அடுப்பில். வெள்ளைப் படைக்கு வினாகிரி நல்லது, ஆனால் கிறவுட்டில் படவிட்டால் அரித்துவிடும்.

இப்போதும் கொஞ்சம் தேங்கும். துணியால் வழித்துவிடுகிறேன், சரி.