கச்சேரிக்குப் போகத் தெரிகிறது, திரும்பி வரத்தான் தெரியவில்லை: சென்னைத் திறந்தவெளி நிகழ்ச்சிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிக்கெட் விற்பனை தொடங்கிய பத்தாவது நிமிடமே வாங்கி, ஸ்டேட்டஸ் போட்டு, எந்தச் சட்டை போடுவது என்று ஒரு வாரம் யோசித்து, கடைசியில் இரவு பத்தரை மணிக்கு ஆயிரக்கணக்கானவர்களோடு ஒரே வாசலில் நின்றுகொண்டு, "ஒரு ஆட்டோகூட வரமாட்டேங்குது" என்று வீட்டுக்குப் போன் செய்வது (அதுவும் டவர் கிடைத்தால்தான்) நம்மில் பாதிப்பேருக்குப் பழகிப்போன விஷயம். நானும் பல வருஷம் அப்படித்தான் போய்வந்தேன். பாட்டு நன்றாக இருந்ததா என்று மறுநாள் யாராவது கேட்டால், பார்க்கிங் பற்றித்தான் பேசுவேன்.

அதனால் முதல் தவறு எது என்றால், யார் பாடுகிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு எங்கே பாடுகிறார்கள் என்று பார்க்காமல் இருப்பது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என்றால் மெட்ரோ நடக்கும் தூரம். தீவுத்திடல் என்றாலும் அரசினர் தோட்டம், சென்ட்ரல் என்று வழி உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதோ ஒரு திடல் என்றால் கதையே வேறு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவில் ஒரே சாலை. கால்வாயைத் தாண்டிப் பழைய மகாபலிபுரம் சாலைக்கு (ஓ.எம்.ஆர்.) போகும் குறுக்கு வழிகளும் சொற்பம். ரயில் கிடையாது. வந்த கூட்டம் முழுக்க அந்த ஒரே சாலையில்தான் திரும்பியாக வேண்டும். 2023 செப்டம்பர் 10 அன்று இதே சாலையில் பனையூரில் நடந்த பெரிய கச்சேரி நினைவிருக்கும். ஆகஸ்டில் மழையால் தள்ளிப்போய் அன்றைக்கு நடந்தது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய பலர் உள்ளேயே போக முடியாமல் சாலையிலிருந்தே திரும்பினார்கள். அமைப்பாளர்கள் செய்யும் குளறுபடியை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் அப்படிப்பட்ட இடத்துக்கு ஆறு மணி நிகழ்ச்சி என்றால் நாலு மணிக்கே போய்ச் சேருவதும், காரை வாசல் வரை கொண்டுபோகாமல் இருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

மெட்ரோ இருக்கும் இடத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. கச்சேரி முடிந்ததும் எல்லோரும் நந்தனம் நிலையத்துக்கே போய் மொய்ப்பார்கள். நீங்கள் சென்ட்ரல் பக்கம் போக வேண்டும் என்றால் எதிர்த் திசையில் சைதாப்பேட்டைக்கு நடந்து அங்கே ஏறுங்கள். விமான நிலையம் பக்கம் என்றால் தேனாம்பேட்டைக்கு நடந்துவிடுங்கள். ரயில் நந்தனத்தில் நிரம்பும்போது நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பீர்கள். பதினைந்து இருபது நிமிட நடைதான், அதுவும் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியவே தெரியாது. சில கச்சேரிகளுக்கு டிக்கெட்டைக் காட்டியே மெட்ரோவில் போய்வர ஏற்பாடு செய்திருப்பார்கள், அதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

நேரக் கணக்கும் சுலபம்தான். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. வருஷத்தில் சில நாட்களுக்கு மட்டும் அரசு தளர்வு கொடுக்கலாம். அதனால் பெரும்பாலான கச்சேரிகள் பத்தை ஒட்டி முடிந்துவிடும். மெட்ரோ வழக்கமாகப் பதினொன்று வரை. இடையில் ஒரு மணி நேரம்தான். "கடைசிப் பாட்டு வரைக்கும் இருந்துட்டு நிதானமா போலாம்" என்பவர்களும் "ரெண்டு பாட்டு முன்னாடியே கிளம்பிடலாம்" என்பவர்களும் ஒரே குடும்பத்தில் இருந்தால், தயவுசெய்து வீட்டிலேயே சண்டை போட்டு முடித்துவிட்டு வாருங்கள். என் கட்சி, கடைசிப் பாட்டு வரைக்கும் இருக்கும் கட்சி. அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

வெயிலைக் குறைத்து எடைபோடுவது இன்னொரு தவறு, இதில் விளையாட்டே இல்லை. 2024 அக்டோபர் 6, மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. காலை பதினொரு மணிக்குத் தொடங்கி மதியம் ஒரு மணி வரை. லட்சக்கணக்கான ஜனம், தலைக்கு மேல் நிழல் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை. பறக்கும் ரயில் அப்போது பீச் ஸ்டேஷன் எனப்படும் சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் வரை ஓடாமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுகொண்டிருந்தது. நிகழ்ச்சி முடிந்து மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் திரும்பியபோது குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. அன்று ஐந்து பேர் இறந்தார்கள். சென்னையில் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்தே வருகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. "என்ன பெரிய வெயில், நாம பார்க்காததா" என்று நிற்பவர்கள்தான் முதலில் சாய்கிறார்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடியுங்கள். தலைசுற்றி, வாந்தி வருவதுபோல் இருந்தால் உடனே நிழலுக்குப் போங்கள், அடுத்த அயிட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள். உங்களோடு வந்தவர் குழறிப் பேச ஆரம்பித்தால் அது வெறும் களைப்பு அல்ல, மருத்துவ உதவிக்கு ஓட வேண்டிய நேரம்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் திறந்தவெளி டிக்கெட் வாங்குகிறவர்கள், ரத்தானால் பணம் வருமா, தேதி மாறினால் அதே டிக்கெட் செல்லுமா என்று வாங்குவதற்கு முன்பே படித்துக்கொள்ளுங்கள். குடையைப் பல இடங்களில் உள்ளே விட மாட்டார்கள். மடித்துப் பாக்கெட்டில் வைக்கும் மெல்லிய மழைக்கோட்டு போதும். மழை பெய்த மறுநாள் மைதானத்துக்குப் புதுச் செருப்போடு போனவன் என்ற முறையில் சொல்கிறேன், பழைய ஷூ போடுங்கள். என் செருப்பில் ஒன்று இன்னும் அங்கேதான் சேற்றுக்குள் இருக்கும்.

சரி, உள்ளே போய்விட்டோம். எல்லோரும் செய்யும் தவறு, எவ்வளவு முன்னால் முடியுமோ அவ்வளவு முன்னால் போவது. முகம் பார்க்க வேண்டும் என்றால் முன்னால் போங்கள், தப்பில்லை. பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் மேடைக்கு நேரெதிரே கொஞ்சம் பின்னால் ஒரு சின்னக் கொட்டகை போட்டு, ஒலியைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸர் கருவியை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவர் பக்கத்தில் நில்லுங்கள். அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் குரலையும் வயலினையும் டிரம்ஸையும் சரிசெய்கிறார். அந்த இடத்தில்தான் எல்லாம் அளவாகக் கேட்கும். மேடைக்கு ஒட்டி ஓரத்தில் நின்றால் ஒரு பக்க ஸ்பீக்கரின் அடி மட்டும்தான் நெஞ்சில் இடிக்கும், பாடகர் என்ன பாடுகிறார் என்றே புரியாது. ரொம்பப் பின்னால் போனால் வேறு வேடிக்கை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், அதனால் நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் திரையில் டிரம்மில் குச்சி விழுந்து கால் நொடிக்கு மேல் கழித்துத்தான் சத்தம் வந்து சேரும். இடையில் கூடுதல் ஸ்பீக்கர் கோபுரங்களை நட்டு, அவற்றின் சத்தத்தைக் கணக்குப் பார்த்துத் தாமதப்படுத்தி அனுப்பினால் மேடைச் சத்தமும் கோபுரச் சத்தமும் குழம்பாமல் கேட்கும். டிக்கெட் வாங்கும்போது "கோல்டு", "பிளாட்டினம்" என்ற பெயரை நம்பாமல் இருக்கை வரைபடத்தில் அந்த மிக்ஸர் கொட்டகை எங்கே என்று தேடுங்கள். பல நேரம் அதை ஒட்டிய மலிவான டிக்கெட்டே நல்ல டிக்கெட்.

காதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்கு வகுத்த ஒரு கணக்கு. அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு மணி, இப்படியே போனால் 100-க்குக் கால் மணி நேரம்தான். பெரிய கச்சேரிகளில் ஸ்பீக்கர் முன்னால் 100 என்பது சாதாரணம். வீட்டுக்கு வந்தபின் காதில் "ஙொய்" என்று இரைந்தால் அது காது கொடுக்கும் புகார். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு மாதிரியான காதடைப்பான் ஒரு காபி விலைதான். போட்டால் பாட்டு கேட்காது என்று நினைக்காதீர்கள், நன்றாகவே கேட்கும். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் முன்னால் ஆடும் அப்பாக்களைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபத்தை இங்கே எழுத முடியாது. குழந்தைகளுக்கென்றே காதை மூடும் ஹெட்போன் விற்கிறார்கள்.

கைபேசி விஷயத்தில் இரண்டே பேச்சு. டிக்கெட்டை வீட்டிலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் நெட் வராது. அதே காரணத்தால் யுபிஐயும் சுற்றிக்கொண்டே இருக்கும், ஐந்நூறு ரூபாயைச் சில்லறையாக வைத்திருங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று ஓர் இடத்தை முன்பே சொல்லி வையுங்கள். "மேடைக்கு லெஃப்ட்ல" என்பதெல்லாம் இடம் அல்ல.

நெரிசல் வந்தால் என்ன செய்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் நகராமலே கூட்டம் உங்களைத் தூக்கி நகர்த்தினால், அதுதான் எச்சரிக்கை. இரண்டு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னால் கொண்டுவாருங்கள், மூச்சு விட அந்த இடைவெளி வேண்டும். நெரிசலில் உயிர் போவது பெரும்பாலும் மிதிபட்டு அல்ல, மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டித்தான். எதிர்த்துத் தள்ளாதீர்கள், அலை ஓய்ந்த நொடியில் குறுக்காக ஓரத்தை நோக்கி நகருங்கள். கீழே விழுந்த கைபேசியைக் குனிந்து எடுக்காதீர்கள்.

காசு கொடுத்துப் போகும் கச்சேரி மட்டும்தான் நிகழ்ச்சி என்று நினைப்பதும் ஒரு தவறுதான், எனக்கு அதில் வருத்தம் அதிகம். பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னை சங்கமம் 2007-இல் தொடங்கியது, இடையில் நின்றுபோய் 2023-இல் மறுபடி வந்தது. பூங்கா, கடற்கரை, மைதானம் என்று ஊர் முழுக்க பறையாட்டம், கரகாட்டம், நையாண்டி மேளம், எல்லாம் இலவசம். சென்னையில் திறந்தவெளியில் உட்கார அதைவிட நல்ல பருவமும் இல்லை. இதற்குத் தாமதமாகப் போனால் நஷ்டம். பறைக்குழு ஆடுவதற்கு முன்னால் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சுவார்கள், கடற்காற்றின் ஈரத்தில் தளர்ந்த தோல் சூட்டில் இறுகி, சத்தம் மெல்ல மாறுவதைப் பக்கத்தில் நின்று கேட்கலாம். அப்புறம் கூட்டம் வட்டம் கட்டிவிடும், கால் அடவு தெரியாது, தலை மட்டும்தான் தெரியும்.

பெசன்ட் நகர் கடற்கரையின் கோடியில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய விழா இன்னொரு வகை. கர்நாடக சங்கீதமும் பறையும் மீனவர் குப்பத்தில் ஒரே மேடை ஏறியது அங்கே. அந்த மாதிரி இடங்களுக்குப் போகும்போது ஒன்று மறக்கக் கூடாது, அது ஆட்கள் குடியிருக்கும் தெரு. வலை காயும் இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

அங்கிருந்து திரும்பும்போது ஆட்டோவோடு மல்லுக்கட்ட வேண்டாம். கொஞ்ச நேரம் மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டு பெசன்ட் நகர் பேருந்து நிலையத்துக்கு நடந்து வாருங்கள். 29சி அங்கிருந்துதான் புறப்படுகிறது, ஜன்னல் ஓரமே கிடைக்கும்.